ஃபைபர் பாய்மரப் படகில் அடிபட்டால்: அறிகுறிவாரியாகப் பழுது கண்டறிதலும் சீரமைப்பும்

கண்ணாடியிழைப் படகு அடி வாங்கும்போது இரும்புத் தகடுபோல நெளிந்து நிற்பதில்லை. உள்நோக்கி வளைந்து கொடுத்துவிட்டு, மறுகணமே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. வெளியே ஒரு சிறிய தடம் மட்டும் தெரிய, உள்ளே அடுக்குகள் பிரிந்தோ தாங்குசட்டம் ஒட்டு விட்டோ கிடக்கலாம். நான் பிரித்துப் பார்த்தவற்றில் பெருஞ்செலவு வைத்த பழுதுகள் பெரும்பாலும் வெளியிலிருந்து பார்த்தபோது அற்பமாகத் தோன்றியவைதான். ஆகவே கீழே சொல்லப்படும் எந்த அறிகுறியானாலும், தெரிகிற தடத்தை மூடுவதற்கு முன், அந்த அடியின் விசை படகின் உடலான கூட்டுக்குள் எந்த வழியாகச் சென்று எங்கே முடிந்திருக்கும் என்று தேடிப் பார்க்க வேண்டும்.

படகுக்குக் காப்பீடு இருந்தால், அடிபட்ட இடத்தை உள்ளும் புறமும் ஓர் அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்த பிறகே தேய்த்தெடுக்கும் கருவியான கிரைண்டரைக் கையில் எடுக்க வேண்டும். தேய்த்துவிட்ட இடத்தில் எது விபத்தால் வந்தது, எது முன்பே இருந்தது என்று பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது.

## அறிகுறி 1: படகு நீரில் இருக்கும்போதே உள்ளே தண்ணீர் சேர்கிறது

### தண்ணீர் கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தால்

நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 5 செ.மீ. விட்டமுள்ள துளை ஒன்று இருந்தால், நிமிடத்துக்குச் சுமார் 240 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். ஒருவர் கைப்பம்பை இடைவிடாமல் அடித்தாலும் ஈடுகட்ட முடியாத அளவு அது. எனவே இறைப்பதைவிட அடைப்பதற்கே முதலிடம் தர வேண்டும். துளை பக்கவாட்டில் இருந்தால், பாயை மறுபக்கம் மாற்றிப் படகைச் சாய்த்து, அடிபட்ட பக்கத்தை நீருக்கு மேலே கொண்டுவர முயலலாம். அந்தச் சில நிமிடங்களில் மெத்தை, உயிர்காப்பு அங்கி, சுருட்டிய பாய் என எது கைக்குக் கிடைக்கிறதோ அதை உள்ளிருந்து துளையில் திணித்து, தரைப்பலகை ஒன்றை மேலே வைத்து, கொக்கிக்கழியால் முட்டுக்கொடுக்க வேண்டும். உள்ளறைத் தட்டுமுட்டுகள் துளையை மறைத்தால் அவற்றை உடைத்தெறியத் தயங்கக் கூடாது. கரையில் உதவி கேட்பதையும் தண்ணீர் கட்டுக்குள் வரும்வரை தள்ளிப்போடாமல், ஒருவர் அடைக்கும்போதே மற்றவர் செய்துவிட வேண்டும்.

### மெதுவாகச் சேர்ந்தால்

முதலில் அந்தத் தண்ணீர் உப்பா, நன்னீரா என்று பார்க்க வேண்டும். நன்னீரானால் அது குடிநீர்த் தொட்டியிலிருந்தோ மழைநீராகவோ வந்திருக்கும். கூட்டின்மேல் பழி போட வேண்டியதில்லை. உப்புநீரானால் எளிய காரணங்களிலிருந்து தொடங்கி, கூட்டைத் துளைத்துச் செல்லும் குழாய் வால்வுகள், அவற்றின் ரப்பர்க் குழாய்கள், புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடம், சுக்கான் தண்டின் குழல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மோதலின் அதிர்ச்சியில் இவற்றில் ஒன்று தளர்ந்திருப்பது அடிக்கடி நிகழ்கிறது.

இவை சரியாக இருந்தால், படகின் அடிக்குழியான பில்ஜை முற்றிலும் துடைத்துக் காயவைத்து, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி, சில மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். கசிவு வரும் வழி பவுடரில் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பின்னோக்கிப் பிடித்துச் சென்றால் ஊற்றுக்கண் அகப்படும். அது, படகின் அடியில் பாரமாகத் தொங்கும் துடுப்புப் பகுதியான கீலைக் கூட்டோடு பிணைக்கும் போல்ட்டின் அடியில் முடிந்தால் நேரே அறிகுறி 6-க்குச் செல்லவும். படகுத்துறையில் மோதிய படகில், சாய்ந்து ஓடும்போது மட்டும் தண்ணீர் வந்தால், கூடும் மேல்தளமும் சேரும் விளிம்பு இணைப்பு திறந்திருக்கக்கூடும். மேல்தளத்தில் அந்த விளிம்பையொட்டித் தண்ணீர் பாய்ச்சி, உள்ளே ஒருவரைப் பார்க்கச் சொன்னால் அது தெரிந்துவிடும்.

## அறிகுறி 2: கீறல், சிராய்ப்பு, ஜெல்கோட் பெயர்ந்த சிறு பள்ளம்

கூட்டின் வெளிமுகத்தில் உள்ள நிறப்பூச்சான ஜெல்கோட்டின் கனம் பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவே. கீறலின் அடியில் அதே நிறம் தெரிந்தால் பூச்சு மட்டுமே பழுது. இழைகளோ, அவற்றைப் பிணைத்து இறுகியிருக்கும் பச்சை கலந்த மங்கலான ரெசினோ தெரிந்தால் அடுக்கு வரை சென்றிருக்கிறது. சுற்றிலும் ஒரு முழம் அகலத்துக்குத் தட்டிப் பார்த்து ஒலியில் மாற்றம் இல்லையென்றால் இங்கேயே வேலையை முடித்துக்கொள்ளலாம்.

நகத்தில் தட்டுப்படாத கீறலை மெருகுக் குழம்பால் தேய்த்தாலே போதும். தட்டுப்படுவதைச் சிறு வாய்க்காலாகத் திறந்து, அசிட்டோனால் துடைத்து, நிறம் பொருத்திய ஜெல்கோட் குழம்பை மட்டத்துக்குச் சற்று மேலாக நிரப்பி, காற்றுப் படாதபடி பிளாஸ்டிக் தாளால் மூட வேண்டும். இறுகிய பின் தண்ணீர் விட்டு 320, 400, 600, 1000 என்ற வரிசையில் உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றலாம். பழைய படகின் நிறம் வெயிலில் மங்கியிருக்கும் என்பதால் புது டப்பாவின் வெள்ளை ஒருபோதும் பொருந்தாது. பூச்சின் பழுப்பையும் மங்கலையும் பார்த்துத் துளித்துளியாக நிறமியைக் கலந்து, ஓர் ஓரத்தில் வைத்துக் காயவிட்டுப் பார்ப்பதே வழி. இதற்குத் தொழிலாளரைக் கூப்பிட வேண்டுமா என்பது முழுக்கத் தோற்றத்தைப் பற்றிய கேள்வி. படகின் உறுதிக்கு இதில் பங்கில்லை. ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பள்ளத்தைக் கார்களுக்கான பட்டியால் நிரப்பும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அது நீரை உறிஞ்சிப் பிடிப்பு விட்டுவிடும்.

## அறிகுறி 3: மயிரிழை வெடிப்புகள்

வெடிப்பின் வடிவமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

### நட்சத்திரமாகவோ வட்டவட்டமாகவோ இருந்தால்

ஒரு புள்ளியில் அடி விழுந்திருக்கிறது. அடி வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. பெட்டகத்துக்குள் கனமான கருவியோ நங்கூரமோ விழுந்தாலும் வெளிப்பூச்சில் நட்சத்திரம் தெரியும். ஆகவே அதே இடத்தின் உட்புறத்தைத் தேடிப் பிடித்து விளக்கடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரிந்தால் ரெசின் நொறுங்கியிருக்கிறது. அறிகுறி 4-க்குச் செல்லவும்.

### ஒரே திசையில் இணைகோடுகளாக ஓடினால்

இது அடியைவிட வளைவினால் வந்ததாகும். கூடு எங்கே வளையக்கூடாதோ அங்கே, அதாவது குறுக்குத் தடுப்புச் சுவரின் ஓரத்திலோ தாங்குசட்டத்தின் விளிம்பிலோ, திரும்பத் திரும்ப மடங்குகிறது என்று பொருள். பூச்சை மட்டும் சரிசெய்தால் அடுத்த பருவத்திலேயே அதே கோடுகள் அதே இடத்தில் திரும்பிவரும். உள்ளே தடுப்புச் சுவரைக் கூட்டோடு பிணைக்கும் கண்ணாடியிழைப் பட்டையின் ஓரம் ஒட்டு விட்டிருக்கிறதா என்று மெல்லிய தகடு ஒன்றைச் செருகிப் பார்க்க வேண்டும்.

### எவ்வளவு ஆழம் என்று அறிய

வெடிப்பின்மீது அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தால், மேற்பரப்பு நொடிகளில் காய்ந்துவிடும். வெடிப்புக்குள் மட்டும் ஈரக்கோடு சற்று நேரம் நிற்கும். வெடிப்பின் முழு நீளத்தையும் அப்போதே பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு முனையில் பூச்சைச் சுரண்டி, அடுக்கு தெரியும்வரை இறங்கிப் பார்க்க வேண்டும். கோடு பூச்சோடு மறைந்துவிட்டால் அறிகுறி 2-ன்படி நிரப்பலாம். அடுக்குக்குள்ளும் கோடு தொடர்ந்தால் அது வெடிப்பு அன்று, முறிவு. அதை நிரப்பக் கூடாது, தேய்த்தெடுத்துப் புதிய இழை வைக்க வேண்டும். கீல், சுக்கான், பாய்மரக் கம்பிகளைக் கூட்டில் பிணைக்கும் தகடுகள் ஆகிய மூன்றின் அருகே இத்தகைய முறிவைக் கண்டால், தானே செய்துகொள்ளும் வேலை அங்கே முடிந்துவிடுகிறது. படகுகளை ஆய்வு செய்யும் நிபுணரான சர்வேயரை அழைக்க வேண்டும்.

## அறிகுறி 4: தட்டினால் பொத்தென்று ஒலிக்கிறது, அல்லது அழுத்தினால் அமுங்குகிறது

பிளாஸ்டிக் தலையுள்ள சிறு சுத்தியலோ ஒரு நாணயமோ போதும். நல்ல அடுக்கு கணீரென்று பதில் தரும். பிரிந்த அடுக்கு பொத்தென்று அடங்கும். பின்னால் தடுப்புச் சுவரோ தொட்டியோ இருந்தாலும் ஒலி மாறும் என்பதால், சந்தேகம் வரும் ஒவ்வோர் இடத்திலும் படகின் மறுபக்கத்தில் அதற்கு நேரொத்த இடத்தைத் தட்டி ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தால் அது கட்டமைப்பின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் அடங்கினால், சுண்ணக்கட்டியால் எல்லையை வரைந்துகொள்ள வேண்டும். எல்லை பெரும்பாலும் வெளியே தெரியும் தடத்தைவிடப் பல மடங்கு பெரிதாக அமையும்.

ஈரமானி வைத்திருப்பவர்கள் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் செம்பு கலந்த அடிப்பூச்சு அதைத் தவறாகக் காட்டவைக்கும், அப்போதுதான் கரையேற்றிய கூடு எங்கும் ஈரமாகவே காட்டும். பூச்சைச் சுரண்டி, சில நாள் காயவிட்டு, ஓரிடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்.

### கூடு முழுக்கக் கண்ணாடியிழையாக இருந்தால்

எளிய காரணம், பழைய பழுதில் பட்டி மட்டும் அடுக்கிலிருந்து விட்டிருப்பது. சுரண்டினால் பட்டி உதிர்ந்துவிடும். அடியில் அடுக்கு நன்றாக ஒலித்தால் மீண்டும் பட்டி பார்த்தால் போதும். அடுத்தது, கட்டும்போதே நின்றுவிட்ட சிறு காற்றறை. உலர்ந்திருந்தால் சிறு துளைகள் போட்டு எப்பாக்ஸி என்ற ரெசினைச் செலுத்தலாம். மூன்றாவதும் முக்கியமானதும், மோதலால் அடுக்குகள் உண்மையிலேயே பிரிந்திருப்பது. இழைகள் முறிந்த இடத்தில் ரெசினைச் செலுத்தினால் ஒலி சற்றுத் தேறும், வலு திரும்பாது. நல்ல அடுக்கு வரும்வரை தேய்த்தெடுப்பதே தீர்வு. முறை அடுத்த அறிகுறியில் உள்ளது.

### நடுவே பால்சா மரமோ நுரைப்பலகையோ வைத்த கூடாக இருந்தால்

இங்கே அதிக எச்சரிக்கை வேண்டும். இரண்டு மெல்லிய தோல்களும் நடுப்பலகையும் ஒன்றாகப் பிடித்திருக்கும்வரைதான் இந்தக் கூட்டுக்கு விறைப்பு. மழுங்கிய அடி ஒன்று வெளித்தோலில் கீறல்கூட விடாமல் நடுப்பலகையைத் தோலிலிருந்து உரித்துவிடக்கூடும்.

சுண்ணக்கோட்டுக்குள் உட்புறத்திலிருந்து 3 மி.மீ. துளை ஒன்றைப் போட்டு, வரும் துருவலைப் பார்க்க வேண்டும். வெளித்தோலைத் துளைத்துவிடாதபடி துளைப்பானில் ஆழ அளவுக்கு ஒட்டுநாடா சுற்றிக்கொள்வது நல்லது. துருவல் வெளிறி உலர்ந்திருந்தால் ஒட்டு மட்டும் விட்டிருக்கிறது. பழுப்பாக ஈரமாக வந்தால், துருவல் உலர்ந்து வரும்வரை ஒவ்வொரு திசையிலும் துளையைத் தள்ளித் தள்ளிப் போட்டு எல்லையைக் கண்டறிய வேண்டும்.

ஈரமான பால்சாவுக்குள் ரெசின் செலுத்தி மீட்கலாம் என்று சொல்வதை நம்ப வேண்டாம். ஈர மரத்தில் எப்பாக்ஸி பிடிப்பதில்லை. நீர் உள்ளே அடைபட்டு அழுகல் தொடரும். ஒரு பக்கத் தோலை வெட்டியெடுத்து, நைந்த நடுப்பலகையை நீக்கி, எஞ்சியது முற்றிலும் காய்ந்த பின் அதே கனமுள்ள புதிய பலகையைக் கெட்டியாக்கிய எப்பாக்ஸியில் பதித்து, மேலே தோலை மீண்டும் கட்ட வேண்டும். உள்ளங்கை அளவு இடத்துக்கு இதைப் பொறுமையுள்ள எவரும் செய்யலாம். அமுங்கும் பரப்பு ஒரு மீட்டர் நீளத்தை எட்டினாலோ இரண்டு தோல்களும் முறிந்திருந்தாலோ, படகின் வடிவம் கெடாமல் தாங்கி நிறுத்த அச்சு தேவைப்படும். அது படகு கட்டும் பட்டறையின் வேலை.

## அறிகுறி 5: துளை விழுந்துவிட்டது, அல்லது தேய்த்தபோது துளையாகிவிட்டது

### வெட்டுதல்

முறிந்த இழைகள் எல்லாம் போகும்வரை வெட்டி, வட்டமாகவோ நீள்வட்டமாகவோ வடிவமைக்க வேண்டும். கூர்மையான மூலை இருந்தால் பிற்காலத்தில் அங்கிருந்தே வெடிக்கும். துடைத்த பிறகுதான் தேய்க்க வேண்டும். தேய்த்த பிறகு துடைத்தால் போதும் என்பது தவறு. மெழுகும் எண்ணெயும் உப்புத்தாளோடு சேர்ந்து அடுக்குக்குள் இறங்கிவிட்டால் பின்னர் எதுவும் பிடிக்காது. ஒரு துணியால் அசிட்டோனைத் தடவி, காயும் முன் வேறொரு சுத்தமான துணியால் வழித்தெடுக்க வேண்டும்.

### சரிவு

பழுதின் வலு முழுவதும் இந்தச் சரிவில்தான் இருக்கிறது. அடுக்கின் கனத்தைப்போல 12 மடங்கு அகலத்துக்குத் துளையைச் சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். 6 மி.மீ. கனமுள்ள கூட்டில் அது ஒவ்வொரு பக்கமும் 72 மி.மீ.; அதாவது 10 செ.மீ. துளை சுமார் 24 செ.மீ. வட்டமாக விரியும். நல்ல கூட்டை இவ்வளவு தேய்த்தழிக்கக் கை கூசும். ஆனால் புதிய இழையும் பழைய இழையும் நேரடியாக இணைவதில்லை, ஒட்டுப்பரப்பின் வழியே மட்டுமே விசை கடந்து செல்கிறது என்பதால் அந்தப் பரப்பைக் குறைத்தால் பழுது வெறும் அடைப்பானாகிவிடும்.

உட்புறம் எட்டுமானால் உள்ளிருந்து சரிவு போடுவது நல்லது. வெளியே தேய்க்க வேண்டிய பரப்பு குறைவதோடு, மெழுகு பூசிய வளையும் தகடு ஒன்றை வெளிப்பக்கம் பொருத்தினால் கூட்டின் வளைவும் தானே அமைந்துவிடும். உள்ளே எட்டாத இடத்தில், துளையைவிடச் சற்றுப் பெரிய மெல்லிய கண்ணாடியிழைத் துண்டை வளைத்து உள்ளே நுழைத்து, அதில் கட்டிய கம்பியால் இழுத்துப் பிடித்து, எப்பாக்ஸியால் பின்னணியாக ஒட்டிக்கொள்ள வேண்டும்.

### எந்த ரெசின்

எப்பாக்ஸி, கூட்டில் உள்ள பழைய பாலியெஸ்டர் ரெசின்மேல் நன்றாகப் பிடிக்கும். பாலியெஸ்டர் எப்பாக்ஸிமேல் சரியாகப் பிடிக்காது. ஆகவே நீர்மட்டத்துக்குக் கீழேயும் வலு வேண்டிய இடங்களிலும் எப்பாக்ஸியே என் தேர்வு. மேற்பகுதியில் இறுதியில் ஜெல்கோட் பூச வேண்டுமென்றால் வினைலெஸ்டரோ பாலியெஸ்டரோ வசதி. எப்பாக்ஸி வைப்பவர்கள், துண்டு இழைகளைப் பசையால் பிணைத்த விரிப்பான சாதாரண மேட்டைத் தவிர்த்து, தைத்த இருதிசைத் துணியைப் பயன்படுத்த வேண்டும். சாதாரண மேட்டின் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரையுமாறு செய்யப்பட்டது. எப்பாக்ஸியில் அது கரையாததால் மேட் வளைவுக்குப் படியாமல் விறைத்து நிற்கும்.

### அடுக்குதல்

பாலியெஸ்டரோடு, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மி.மீ. கனம் தரும், தேவையான எண்ணிக்கையை அதிலிருந்து கணக்கிட்டு, சரிவின் அளவுக்கேற்பத் துண்டுகளை முன்கூட்டியே வெட்டி வரிசைப்படுத்திவிட வேண்டும். மேட்டுக்கு அதன் எடையைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசினும், துணிக்கு ஏறக்குறைய சம எடை ரெசினும் பிடிக்கும். ரெசின் மிகுந்தால் வலு கூடாது, எளிதில் நொறுங்கும் தன்மையே கூடும். உருளையால் குமிழிகளை ஓரத்தை நோக்கித் தள்ளி வெளியேற்றி, மூன்று நான்கு அடுக்குகளோடு நிறுத்தி, சூடு தணிந்த பின் தொடர வேண்டும். ஒரே மூச்சில் கனமாக ஏற்றினால் வெப்பம் மிகுந்து அடுக்கில் வெடிப்பு விழும்.

### உடல்நலக் காப்பு

பாலியெஸ்டரை இறுகச் செய்யச் சேர்க்கும் கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்கக் கூடாது. பட்டுவிட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வழிசெய்ய வேண்டும். கேட்டலிஸ்டை, இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரோடு நேரடியாகக் கலந்தால் வெடிக்கும்; ஒன்றை ரெசினில் முழுமையாகக் கலந்த பிறகே மற்றொன்றைச் சேர்க்க வேண்டும். அசிட்டோன், ஸ்டைரீன் ஆவிகள் காற்றைவிடக் கனமானவை என்பதால் படகின் அடியில் தேங்கும். உள்ளே வேலை செய்யும்போது ஆவிவடிகட்டி முகமூடியும் காற்றை வெளியே இழுக்கும் விசிறியும் வேண்டும், நெருப்பு எதுவும் அருகில் கூடாது.

### எப்போது கைவிடுவது

துளை 30 செ.மீ.க்கு மேல் நீண்டிருந்தாலோ, தாங்குசட்டம் உடைந்திருந்தாலோ, இரட்டை வளைவுள்ள இடமாக இருந்தாலோ பட்டறைக்கு அனுப்புவதே என் தீர்ப்பு. வேலை கடினம் என்பதைவிட, தவறு நேர்ந்தால் அது கடலில்தான் தெரியவரும் என்பதே காரணம்.

## அறிகுறி 6: தரைதட்டிய பிறகு கீலும் கூடும் சேரும் இடத்தில் கோடு

பாறையில் கீலின் அடிமுனை மோதும்போது அது பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அதன் மேல்விளிம்பின் முன்முனை கூட்டை விட்டுக் கீழே விலக, பின்முனை கூட்டை மேல்நோக்கிக் குத்துகிறது. அதனால் வெளியே கோடு முன்னால் தெரியும். உள்ளே உடைவு பெரும்பாலும் பின்னால் இருக்கும். முன்னால் தெரிந்த கோட்டைப் பட்டியால் மூடிவிட்டுப் படகை நீரில் இறக்குவதுதான் இந்தத் தொழிலில் நான் காணும் மிக ஆபத்தான பழுது.

எளிய காரணம், இணைப்பில் இருந்த பட்டி மட்டும் காலப்போக்கில் விட்டிருப்பது. தரைதட்டாத படகில், மெல்லிய கோடாக, துருக்கறை ஏதுமின்றி இருந்தால் அப்படிக் கொள்ளலாம். தரைதட்டியது உறுதியானால் பின்வரும் சோதனைகளை ஒன்றுவிடாமல் செய்ய வேண்டும்.

உள்ளே தரைப்பலகைகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, கடைசிக் கீல் போல்ட்டுக்குப் பின்னால் உள்ள குறுக்குத் தாங்கிகளை விளக்கடித்துப் பார்க்க வேண்டும். அவற்றின் அடியில் வெள்ளைக் கோடோ பூச்சு உதிர்வோ தெரிந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. தாங்கிகள் அச்சில் வார்த்துக் கூட்டின்மேல் ஒட்டப்பட்ட ஒரே சட்டகமாக இருந்தால், அதன் ஒவ்வோர் அறையையும் தட்டிப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒட்டுப்பரப்பு கண்ணுக்கு மறைந்தே இருக்கும். உள்ளறைக் கதவுகள் மோதலுக்கு முன் எளிதாக மூடி இப்போது பிடிக்கின்றனவா, பாய்மரக் கம்பிகள் ஒருபக்கம் தளர்ந்திருக்கின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டும் கூடு உருமாறியதற்கும் தடுப்புச் சுவர் நகர்ந்ததற்கும் அடையாளம். படகைத் தூக்கியிருக்கும்போது கீலின் நுனியை ஒருவர் பக்கவாட்டில் மெல்ல அசைக்க, இன்னொருவர் இணைப்பில் விரல் வைத்து உணர்ந்தால், ஒரு மயிரிழை அசைவுகூடப் பிடிபடும். போல்ட் தலைகளைச் சுற்றித் துருநீர் கசிந்த தடம் உண்டா என்பது கடைசிச் சோதனை. எவர்சில்வர் போல்ட்டானாலும், காற்றுப்படாத ஈரத்தில் நடுத்தண்டு அரிக்கப்பட்டு மெலிந்திருக்கக்கூடும்; வெளியே தெரியும் மரை பளபளப்பாக இருப்பது எதையும் உறுதிப்படுத்தாது.

கோட்டை மூடுவதற்காக நட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டாம். உள்ளே நொறுங்கிய அடுக்கு இருந்தால், இறுக்கம் அதை மேலும் நசுக்கும். கோடு மறைந்து, ஆபத்து மட்டும் எஞ்சும்.

2014 மே மாதம் வட அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிக்கி என்ற ஃபைபர் பாய்மரப் படகின் கீல் கழன்று, படகு கவிழ்ந்து, அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2015இல் வெளியிட்ட அறிக்கை, முந்தைய தரைதட்டல்களும் அவற்றைத் தொடர்ந்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து கீல் பொருந்திய கட்டமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கக்கூடும் என்று கூறியதோடு, இலேசான தரைதட்டல்களும் உட்சட்டகத்தின் ஒட்டைப் பாதிக்கலாம் என எச்சரித்தது. ஆகவே மேற்சொன்ன சோதனைகளில் ஒன்றே ஒன்று தவறினாலும் படகை நீரில் இறக்காமல் சர்வேயரை அழைக்க வேண்டும். தேவையானால் கீலைக் கழற்றிப் போல்ட்டுகளை வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். இது செலவு மிக்க வேலைதான். இதில் மட்டும் செலவைக் குறைக்க வழி தேடக் கூடாது.

கீல் தனியாகப் பூட்டப்படாமல் கூட்டோடு சேர்த்து வார்க்கப்பட்டு, உள்ளே பாரம் நிரப்பிய படகானால், கீலின் அடிப்பகுதியில் தோல் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது முதன்மை. உள்ளே இருப்பது ஈயமானால், நீர் வடிந்து காயவிட்டுத் தோலைக் கட்டலாம். இரும்பானால் துரு ஊதித் தோலைப் பிளக்கும். விரைந்து திறந்து காயவைக்க வேண்டும்.

## அறிகுறி 7: சுக்கான் கனமாகத் திரும்புகிறது, அல்லது கரையேற்றிய பின்னும் அதிலிருந்து நீர் சொட்டுகிறது

கயிறோ வலைத்துண்டோ சிக்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் சுக்கானை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இறுகி, மற்ற இடங்களில் இலகுவாக இருந்தால் தண்டு வளைந்திருக்கிறது. வளைந்த தண்டை நிமிர்த்திப் பயன்படுத்துவதை நான் ஏற்பதில்லை, மாற்ற வேண்டும். தண்டு சரியாக இருந்து, சுக்கானின் இரு பாதிகளும் சேரும் விளிம்பு பிளந்து நீர் சொட்டினால், அடியில் ஒரு துளை போட்டு வடியவிட்டு, நன்கு காய்ந்த பின் விளிம்பைச் சரித்துத் தேய்த்து எப்பாக்ஸியும் துணியும் வைத்து மூடலாம். திருப்புபிடியை இறுகப் பிடித்துக்கொண்டு சுக்கானை அசைத்தால் அது மட்டும் தனியே அசைகிறதா என்பதை மறக்காமல் பார்க்க வேண்டும். அசைந்தால், உள்ளே தண்டோடு பற்றவைத்த தகடுகள் விட்டுவிட்டன. சுக்கானைப் பிளந்துதான் சரிசெய்ய முடியும்.

## அறிகுறி 8: பழுது பார்த்த இடமே தொல்லை கொடுக்கிறது

### ஜெல்கோட் மேற்பரப்பு மட்டும் பிசுபிசுக்கிறது

காற்றுப் படும் முகம் இறுகாமல் இருப்பது பாலியெஸ்டரின் இயல்பு. நகத்தால் அழுத்தினால் அடியில் கெட்டியாக இருந்தால், அசிட்டோனால் துடைத்துவிட்டுத் தேய்க்கலாம். அடுத்த முறை மெழுகுக் கலவை சேர்க்கவோ தாளால் மூடவோ வேண்டும்.

### அடிவரை இறுகவில்லை

பாலியெஸ்டரானால் கேட்டலிஸ்ட் குறைந்திருக்கலாம், அல்லது குளிராக இருந்திருக்கலாம். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இந்த வேலையைத் தொடங்காமலிருப்பது நல்லது. கேட்டலிஸ்ட் அளவு வழக்கமாக ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். அதாவது 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம். இலேசாக வெப்பமூட்டி ஒரு நாள் பார்த்தும் இறுகாவிட்டால் சுரண்டியெடுத்துவிட வேண்டும். எப்பாக்ஸி இறுகவில்லையென்றால் கலவை விகிதம் தவறியிருக்கிறது. எப்பாக்ஸியை இறுகச் செய்யக் கலக்கும் ஹார்ட்னரைக் கூட்டினால் வேகமாக இறுகும் என்பது பாலியெஸ்டர் பழக்கத்தால் வரும் தவறு. விகிதம் தவறிய எப்பாக்ஸி எத்தனை நாளானாலும் தேறாது. அதன்மேல் எதையும் பூசாமல் முழுவதையும் அகற்ற வேண்டும்.

### அடுத்த பூச்சு உரிந்துவருகிறது

இறுகிய எப்பாக்ஸியின்மேல் மெழுகுபோன்ற படலம் ஒன்று தோன்றும். அதைத் தேய்ப்பதற்கு முன் சுத்தமான தண்ணீரும் கரடான பஞ்சும் கொண்டு கழுவ வேண்டும். அசிட்டோன் அதைக் கரைப்பதில்லை, பரப்பிவிடும்.

### சில மாதங்களில் கொப்புளம் எழுகிறது

ஒரு கொப்புளத்தைக் கண்ணாடி அணிந்துகொண்டு குத்திப் பார்க்க வேண்டும், உள்ளே அழுத்தம் இருக்கும். காற்று மட்டுமானால் உருளை ஓட்டும்போது விட்ட குமிழி. திறந்து நிரப்பினால் போதும். புளித்த நெடியுள்ள பிசுபிசுப்பான நீர் வந்தால் அடுக்குக்குள் ஈரம் அடைபட்டு ரெசினைச் சிதைக்கிறது. பழுதின் எல்லைக்குள் மட்டும் இருந்தால் அந்த இடத்தைத் திறந்து, நன்னீரால் பலமுறை கழுவி, ஈரமானி சொல்லும்வரை வாரக்கணக்கில் காயவிட்டு, எப்பாக்ஸியால் மீண்டும் கட்ட வேண்டும். பழுதுக்கு வெளியேயும் கூடெங்கும் பரவியிருந்தால் அது விபத்தோடு தொடர்பில்லாத வேறு நோய். ஜெல்கோட்டை முழுவதுமாக உரித்து மாதக்கணக்கில் உலர்த்தும் வேலையை அதற்கான கருவிகள் உள்ள பட்டறையிடம் விட வேண்டும்.